புற நரம்பணுக்களைத் தேடும் ஒளிர்சாயங்கள்: எதை, எப்போது, எப்படி?

சித்தூர், நகரி, பலமநேர், எல்லைக்கு இந்தப் பக்கம் குடியாத்தம், காட்பாடி எனப் பல ஊர்களிலிருந்து நரம்பியல் ஆய்வுக்கு வரும் தமிழ் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தச் சாயம் நன்றாக ஒளிரும்?" என்றுதான். எல்லாச் சாயமும் ஒளிரும். நகரியிலும் புத்தூரிலும் தறி ஓடும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நூலில் சாயம் ஏறுவது எளிது. ஏறிய சாயம் நிற்கிறதா, பக்கத்து நூலில் இறங்குகிறதா என்பதில்தான் சாயக்காரரின் பெயர் இருக்கிறது. நரம்பணுவுக்குச் சாயம் தேர்ந்தெடுக்கும்போதும் கேட்க வேண்டியவை அந்த இரண்டுதான்: எத்தனை நாள் நிற்க வேண்டும், கசிந்தால் எப்படிக் கண்டுபிடிப்பேன். இந்த இரண்டுக்கும் பதில் எழுதி வைத்துவிட்டு விலைப்பட்டியலைத் திறங்கள்.

இந்த வட்டாரத்தில் புற நரம்பு, அதாவது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே ஓடும் நரம்பு, என்றதும் தொழுநோய் நினைவுக்கு வராதவர்கள் குறைவு. காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கான மருத்துவமும் ஆய்வும் நடந்துவருகின்றன. வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நரம்பு செயலிழந்து மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் வேலை செய்ய வைத்தார். நசுங்கிய, அறுந்த நரம்பு மீண்டும் வளரும்போது அந்த இழைகள் எங்கே போய்ச் சேர்கின்றன? தசைக்குப் போக வேண்டியது தோலுக்குப் போய்விட்டதா? இதைக் கண்ணால் பார்த்து எண்ணுவதற்கு இன்றும் தடச்சாயம்தான், அதாவது இழையின் முனையில் வைத்தால் அந்த இழைக்குரிய செல்லை ஒளிர்ந்து காட்டும் சாயம்தான், நம்பகமான வழி. அதனால் இந்த வேலையை வெறும் படம் எடுக்கும் வேலையாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

சாயம் எப்படிச் செல்லுக்குப் போகிறது

நரம்பணுவின் உடல் ஓரிடத்தில், அதன் இழை முடிவது வேறிடத்தில். எலியின் பாதத் தோலில் முடியும் உணர்விழையின் செல் உடல், இடுப்புப் பகுதி முதுகெலும்பை ஒட்டிய முதுகுவேர் முடிச்சில் இருக்கிறது. காலுக்குச் செல்லும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பின் உணர்வுச் செல்கள் எலியில் பெரும்பாலும் இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முடிச்சுகளில் (எல்4, எல்5) கிடைக்கும். சுண்டெலியில் எல்3 முடிச்சையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தசையை இயக்கும் செல்கள் தண்டுவடத்தின் முன்கொம்பில் உள்ளன.

இழையின் முனையில் வைத்த பொருளைச் செல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. டைனீன் என்ற புரதம் அதைச் சுமந்துகொண்டு, நுண்குழல்களின் மேல் செல் உடலை நோக்கி நடக்கிறது. இதைப் பின்னோக்கிய கடத்தல் என்கிறோம். 1971இல் ஸ்வீடனில் கிறிஸ்டென்சனும் ஓல்சனும் சுண்டெலிக் குட்டிகளின் கெண்டைக்கால் தசையில் செலுத்திய ஒரு நொதி, தண்டுவடத்தின் இயக்கச் செல்களில் வந்து சேர்வதைக் காட்டினார்கள். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ரோட்டர்டாமில் கைப்பர்ஸ் குழுவினர் நொதிக்குப் பதிலாக ஒளிர்சாயங்களைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இன்று நாம் கையாளும் ஃபாஸ்ட் ப்ளூவும் டைஅமிடினோ எல்லோவும் அந்த வழியில் 1980களின் தொடக்கத்தில் வந்தவை. ஃப்ளூரோ-கோல்டும் டை-ஐயும் 1986இல் வந்தன.

முதலில் நுண்நோக்கியைப் பாருங்கள்

சாயம் வாங்கும் முன், நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் நுண்நோக்கியின் முன்னால் போய் நில்லுங்கள். அதில் என்ன விளக்கு, எந்தெந்த ஃபில்டர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஃபாஸ்ட் ப்ளூ, டைஅமிடினோ எல்லோ, ஃப்ளூரோ-கோல்ட் மூன்றுக்கும் புற ஊதா ஒளி வேண்டும். 365 நானோமீட்டர் அருகில் இருந்தால் நல்லது. பழைய பாதரச விளக்குக்கு அங்கே வலுவான கோடு உண்டு. லேசரால் படமெடுக்கும் புதிய கன்ஃபோகல் நுண்நோக்கிகள் பலவற்றில் மிகக் குறைந்த அலைநீள லேசர் 405 நானோமீட்டர். அதில் இந்தச் சாயங்கள் மங்கலாகவே தெரியும். கன்ஃபோகல் மட்டுமே இருக்கும் இடத்தில் ஃப்ளூரோ-கோல்டை வாங்கிவிட்டுச் செல்லில் சாயமே ஏறவில்லை என்று கவலைப்படுவதில் பொருளில்லை. அங்கே டை-ஐ அல்லது சிவப்பு, தொலைசிவப்புச் சாயம் கோத்த காலரா பி துணையலகு பொருந்தும்.

பாதரச விளக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்களில் கோடையில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அணைந்த விளக்கு நன்றாகக் குளிரும் வரை மீண்டும் ஏற்றக் கூடாது. அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். சூட்டோடு ஏற்றினால் விளக்கின் ஆயுள் குறையும், வெடிக்கவும் கூடும். விளக்குக்கும் கேமரா இணைந்த கணினிக்கும் யுபிஎஸ் இல்லாமல் எண்ணும் வேலையைத் தொடங்காதீர்கள். பாதி எண்ணி விட்ட வெட்டுக்கு (திசுவிலிருந்து மெல்லியதாக வெட்டிய துண்டுக்கு) மறுநாள் திரும்பினால், முதல் நாள் ஒளியில் பட்ட பகுதி மங்கியிருக்கும், படாத பகுதி பளிச்சென்று இருக்கும். அந்த இரண்டு எண்களையும் கூட்ட முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. செல்லின் கருவைக் காட்டப் பழக்கத்தில் எல்லோரும் சேர்க்கும் டாபியும் இதே புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். ஃபாஸ்ட் ப்ளூ உள்ள வெட்டில் டாபி சேர்த்தால் எது எதுவென்று பிரிக்க முடியாது. பின்புலச் சாயம் வேண்டுமானால் நரம்பணுக்களின் உடலைக் காட்டும், சிவப்பில் ஒளிரும் நிஸ்ல் சாயத்தை எடுங்கள்.

சாயங்களை நேருக்கு நேர் வைத்தால்

ஃபாஸ்ட் ப்ளூ நீண்ட கால வேலைக்கு உரியது. செல்லில் கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தை நீலமாக நிரப்பும். 1997இல் நோவிகோவா குழுவினர் எலியின் இயக்கச் செல்களில் பல சாயங்களை 24 வாரம் வரை ஒப்பிட்டார்கள். ஃபாஸ்ட் ப்ளூ ஏறிய செல்களின் எண்ணிக்கை கடைசி வரை குறையாமல் நின்றது; ஃப்ளூரோ-கோல்டும் டெக்ஸ்ட்ரான் சாயங்களும் (டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைச் சங்கிலியில் கோத்த சாயங்கள்) நாளாக நாளாகக் குறைந்தன. நரம்பு வளர்ந்து திரும்பும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஆய்வுகளில், முதலில் போடும் சாயமாக ஃபாஸ்ட் ப்ளூவை நான் தேர்ந்தெடுப்பது இதனால்தான். இதில் ஒரு சிக்கலும் உண்டு. செலுத்திய இடத்திலேயே தங்கிவிடும் ஃபாஸ்ட் ப்ளூவைப் பின்னர் அங்கே வளர்ந்து வரும் புதிய இழைகளும் எடுத்துக்கொள்ளலாம். நரம்பின் வெட்டுமுனையில் வைத்தால், வேலை முடிந்ததும் அந்த முனையைக் கழுவி நறுக்கிவிடுவது அவசியம்.

ஃப்ளூரோ-கோல்ட் வேகமும் வலிமையும் உள்ள சாயம். இதில் வேலை செய்யும் பொருள் ஹைட்ராக்சிஸ்டில்பாமிடின். 2 முதல் 5 நாளில் முடிச்சு முழுக்கப் பொன்னிறப் புள்ளிகளாக நிரம்பிவிடும். நடுநிலைக் கரைசலில் பொன் மஞ்சளாகவும் அமிலக் கரைசலில் நீலமாகவும் தெரியும். ஆகவே பஃபரின் பிஎச் மாறினால் நிறமும் மாறும். எதிர்ப்புரதத்தால் (ஆன்டிபாடி) பிற புரதங்களைக் காட்டும் சாயமேற்றலைத் தாங்கும். இந்தச் சாயத்துக்கே எதிர்ப்புரதம் கிடைப்பதால், ஒளி மங்கிய பிறகும் வேறு நிறத்தில் அதை வெளிக்கொணரலாம். வாரங்கள் கடந்தால் எண்ணிக்கை குறைகிறது. நீண்ட காலத்தில் செல்லுக்கே தீங்கு செய்வதாகவும் ஆய்வுகள் உள்ளன. ஒரே வாரத்தில் முடியும் எண்ணிக்கைக்கு இது முதல்தரம். மூன்று மாத ஆய்வுக்கு இதை நம்பாதீர்கள். செல் இறந்ததா, சாயம் போனதா என்று பிரித்துச் சொல்ல வழியிருக்காது.

டைஅமிடினோ எல்லோ செல்லின் கருவை மஞ்சளாக்கும். ஃபாஸ்ட் ப்ளூவோடு சேர்த்துப் பயன்படுத்தும்போதுதான் இதன் அருமை தெரியும். ஒரே ஃபில்டரில், ஒரே செல்லில், நீல உடலுக்குள் மஞ்சள் கரு. இரண்டு கிளைகளுக்கும் இழை அனுப்பிய செல் என்று அதைப் பார்த்ததும் சொல்லிவிடலாம். நாள் கூடினால் இது செல்லைவிட்டுக் கசிந்து, சுற்றியுள்ள துணைச்செல்களான கிளியா செல்களின் கருக்களிலும் ஏறும். முதுகுவேர் முடிச்சில் ஒவ்வொரு நரம்பணுவையும் துணைச்செல்கள் சூழ்ந்திருப்பதால், பெரிய இருண்ட செல்லைச் சுற்றிச் சின்னச் சின்ன மஞ்சள் பொட்டுகள் வளையமாகத் தெரிந்தால் அதைக் கசிவு என்று உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

டை-ஐ கொழுப்பில் கரையும் சாயம். செல்லின் சவ்வுக்குள் புகுந்து பக்கவாட்டில் பரவும். 549 நானோமீட்டர் அருகில் ஒளி ஏற்று 565 அருகில் ஆரஞ்சாக ஒளிரும். உயிரற்ற, ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவிலும் பரவுவதால் புதியவர்கள் கை பழக இதைவிடச் சிறந்தது இல்லை. அனுமதி பெற்ற வேறோர் ஆய்வில் மீந்த திசுவையே பயன்படுத்தலாம். இதற்கென்று ஒரு விலங்கைக்கூட எடுக்க வேண்டாம். நரம்பின் வெட்டுமுனையில் ஒரு சிறு படிகத்தை வைத்து, பதக்கரைசலில் சிறிதளவு சோடியம் அசைடு சேர்த்து, 37 டிகிரியில் இருட்டில் வையுங்கள். வாரங்கள் ஆகும், சில மில்லிமீட்டர் தூரம் போகும். சித்தூரில் மே மாத வெயிலில் அறை வெப்பமே 40ஐத் தொடும், இன்குபேட்டர் எதற்கு என்று தோன்றலாம். இரவில் இறங்கி, பகலில் ஏறி, அடுத்த மாதம் மழை வந்ததும் தணியும் வெப்பத்தில் வைத்த இரண்டு புட்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. இன்குபேட்டரிலேயே வையுங்கள். சோப்புப்பொருள் சேர்த்த கரைசல், மெத்தனால், சைலீன் எதுவும் டை-ஐ பக்கம் வரக் கூடாது, கழுவிக்கொண்டு போய்விடும். உறைய வைத்து வெட்டுவதைவிட அதிர்வு வெட்டியில் வெட்டினால் படம் தெளிவாக இருக்கும்.

காலரா பி துணையலகு, காலரா நச்சின் தீங்கு செய்யாத பகுதி. சவ்விலுள்ள ஜிஎம்1 என்ற பொருளைப் பற்றிக்கொண்டு உள்ளே போகிறது. பல நிறங்களில் கிடைப்பதால் மூன்று இலக்குகளைக்கூட ஒரே விலங்கில் தேடலாம். ஆனால் எல்லாச் செல்லும் இதைச் சமமாக ஏற்காது. காயப்படாத நரம்பில் மயலின் உறை உள்ள பெரிய செல்களைத்தான் பெரும்பாலும் காட்டும். வலியைக் கடத்தும் சிறிய செல்கள் பல விடுபட்டுப்போகும். நரம்பு காயப்பட்ட பின் அந்தச் சிறிய செல்களும் இதை ஏற்கத் தொடங்கும். காயத்துக்கு முன்னும் பின்னும் இதே சாயத்தால் எண்ணிவிட்டு, புதிய இழைகள் முளைத்ததாக எழுதுவது நிலைக்காது. சிறிய செல்களைத் தேட ஐபி4 என்னும் லெக்டினை (சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதம்) தனியாக வையுங்கள்.

டெக்ஸ்ட்ரான் சாயங்கள் அறுந்த இழைகளுக்குள்தான் நன்றாகப் போகும். வெட்டுமுனையில் வைப்பதற்கு 10,000 மூலக்கூற்று எடை உள்ளது போதும். தசையில் ஊசி போட ஏற்றதல்ல.

அனுமதி

உயிருள்ள விலங்கைத் தொடும் எந்த வேலைக்கும் உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் எழுத்து அனுமதி வேண்டும். நிறுவனமும் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மயக்கமருந்து, வலிநிவாரணி, எத்தனை விலங்கு, ஏன் அத்தனை என்பதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுதுங்கள். கசிவுச் சோதனைக்கான விலங்குகளையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள். பிறகு கேட்டால் மாதங்கள் போய்விடும். பலர் அந்தச் சோதனையையே விட்டுவிடுவது இதனால்தான்.

சாயம் வைப்பது

ஃபாஸ்ட் ப்ளூ 2 முதல் 5 சதவீதம், ஃப்ளூரோ-கோல்ட் 4 சதவீதம் அளவில் தொடங்கலாம். வந்தவுடன் சிறு சிறு குழாய்களில் பிரித்து, தாளில் சுற்றி, உறைபெட்டியில் வையுங்கள். தாள் சுற்றிய குழாய்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். எங்கள் பக்கத்து ஆய்வகங்களில் உதவியாளருக்குத் தெலுங்கு மட்டும் வாசிக்கத் தெரியும், மாணவி தமிழ்வழியில் படித்தவர், பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும். ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு நிற நாடாவும் ஓர் எண்ணும் கொடுத்துவிட்டால் யார் எடுத்தாலும் குழப்பம் இல்லை.

தசையில் செலுத்தும்போது 10 மைக்ரோலிட்டர் கண்ணாடி ஊசியால் பல இடங்களில் சிறிது சிறிதாகச் செலுத்துங்கள். ஊசியைச் சில நிமிடம் அப்படியே வைத்திருந்து மெதுவாக உருவுங்கள். உருவும் வேகத்தில்தான் சாயம் ஊசித்தடம் வழியே மேலே வழிந்து, பக்கத்துத் தசையை நனைக்கிறது. வழிந்ததைப் பஞ்சால் ஒற்றுங்கள், உப்புநீரால் கழுவுங்கள். நரம்பின் வெட்டுமுனை என்றால், அதைச் சாயம் நிறைந்த ஒரு சிறு கிண்ணத்தில் 30 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஊற வைத்து, கிண்ணத்தின் விளிம்பை வாசலின் தடவி அடையுங்கள். முடிந்ததும் கழுவி, முனையை நறுக்கி, காயத்தை மூடுங்கள்.

கசிவுச் சோதனை: இதைத் தவிர்க்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். சாயம் ஏறாமல் விட்ட செல், எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்துக் காட்டும். கசிந்த சாயமோ இல்லாத இணைப்பை இருப்பதாகக் காட்டும். அதை நம்பி அடுத்தவர் தன் ஆய்வைக் கட்டுவார்.

முதலில், தசைக்குப் போகும் நரம்பை வெட்டி, அதன் முனையை ஒதுக்கிக் கட்டிவிட்டு, தசையில் வழக்கம்போலச் சாயம் செலுத்துங்கள். முடிச்சிலோ தண்டுவடத்திலோ ஒளிரும் செல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் சாயம் பக்கத்துத் தசை வழியாகவோ இரத்தத்தின் வழியாகவோ போயிருக்கிறது, அளவைக் குறையுங்கள். அடுத்து, மறுபக்கத்து முடிச்சை ஒவ்வொரு விலங்கிலும் வெட்டிப் பாருங்கள். இரண்டு சாயம் போடும் ஆய்வென்றால், ஒரே ஒரு சாயம் போட்ட விலங்கின் வெட்டை எல்லா ஃபில்டரிலும் பாருங்கள். ஒன்றின் ஒளி மற்றொன்றின் ஃபில்டரில் எவ்வளவு தெரிகிறது என்பது அப்போதுதான் விளங்கும். கடைசியாக, சாயமே போடாத முதிய விலங்கின் முடிச்சு ஒன்று வேண்டும். வயதான நரம்பணுக்களில் சேரும் லிப்போஃபுசின் என்ற நிறமி புற ஊதா ஒளியில் தானாகவே மஞ்சளாக ஒளிரும். குறுணைகளாக, செல்லின் ஒரு மூலையில் குவிந்திருக்கும். எல்லா ஃபில்டரிலும் தெரியும். முதன்முறை பார்ப்பவர்கள் அதை ஃப்ளூரோ-கோல்ட் என்றே எண்ணிவிடுவார்கள்.

இரண்டு சாயங்களின் திறனை ஒப்பிடுவதே உங்கள் ஆய்வென்றால், ஒரே வெட்டுமுனையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் வையுங்கள். பாதி விலங்குகளில் வரிசையை மாற்றுங்கள். முதலில் வைத்தது கூடுதலாகப் போயிருந்தால் அது சாயத்தின் திறனா, முந்திக்கொண்டதன் பலனா என்பது வரிசை மாற்றினால்தான் தெரியும்.

காத்திருப்பு, பதப்படுத்தல்

எலியின் பாதத்திலிருந்து இடுப்பு முடிச்சு வரை சுமார் 10 சென்டிமீட்டர். பின்னோக்கிய கடத்தல் நாளொன்றுக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் போகும் என்பதால் சாயம் ஓரிரு நாளில் வந்து சேர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் அளவு குவிய 3 முதல் 7 நாள் விடுங்கள். நான்கு சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்துங்கள். குளூட்டரால்டிஹைடு வேண்டாம், திசு முழுவதையும் ஒளிரச் செய்யும். 30 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் முடிச்சு மூழ்கும் வரை வைத்து, உறையவைத்து வெட்டும் கருவியான கிரையோஸ்டாட்டில் 20 மைக்ரோமீட்டர் தடிமனில் வெட்டுங்கள். வெட்டிய அன்றோ மறுநாளோ, முதலில் சிறிய பெருக்கத்தில், படம் எடுத்துவிடுங்கள்.

எண்ணுவது

ஒரே செல் அடுத்தடுத்த இரண்டு வெட்டுகளில் வரும். இரண்டு முறை எண்ணப்படும். 1946இல் அபர்கிராம்பி தந்த திருத்தம் இன்றும் எளிய வழி. கரு தெரியும் செல்களை மட்டும் எண்ணுங்கள். வெட்டின் தடிமனை, தடிமனும் கருவின் விட்டமும் கூட்டிய தொகையால் வகுத்து, எண்ணிக்கையோடு பெருக்குங்கள். தடிமன் 20, கருவின் விட்டம் 10 மைக்ரோமீட்டர் என்றால் 20ஐ 30ஆல் வகுக்க வேண்டும். 300 என்று எண்ணியது 200 ஆகும். டைஅமிடினோ எல்லோவில் கருவே ஒளிர்வதால் இது எளிது. ஃபாஸ்ட் ப்ளூவில் நீல உடலுக்கு நடுவே கரு மங்கலான வட்டமாகத் தெரியும். அது தெரியாத செல்லை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். எந்தக் கண்ணாடித் தகடு எந்தச் சாயம், எந்தக் குழு என்பது எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. குறியீட்டு எண் ஒட்டி வேறொருவரிடம் கொடுங்கள்.

ஆய்வேட்டின் அட்டவணையில் சாயத்தின் பெயரோடு நிற்காமல், தொகுப்பு எண், செறிவு, செலுத்திய அளவு, எத்தனை இடம், எத்தனை நாள் காத்திருப்பு, பதக்கரைசல், வெட்டின் தடிமன், விளக்கின் வகை, ஃபில்டரின் அலைநீளம், எண்ணும் விதி எல்லாவற்றையும் எழுதுங்கள். கசிவுச் சோதனையில் எத்தனை செல் ஒளிர்ந்தது என்பதற்கும் ஒரு நிரலை ஒதுக்குங்கள். விடை பூஜ்யமாக இருந்தாலும் அந்தப் பூஜ்யத்தை எழுதுங்கள்.